எல்லாவற்றுக்கும் ஒன்று

தமிழ் சினிமாவை மட்டும் பார்த்து உலகத்தைத் தெரிந்துகொள்ளும் ஒருவர் இருந்தால், வளர்ச்சிசார் குறைபாடுள்ள பிள்ளைகளை நம் ஊரில் அப்பாக்கள்தாம் வளர்க்கிறார்கள் என்று நம்பிவிடுவார். ‘தெய்வத்திருமகள்’ (2011) படத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவரே அப்பா. மகளைப் பெற்றதும் தாய் இறந்துவிடுகிறாள். ‘ஹரிதாஸ்’ (2013) படத்தில் ஆட்டிசம் உள்ள மகனுக்குக் காவல்துறையில் வேலை பார்க்கும் அப்பா இருக்கிறார், தாய் இல்லை. ‘பேரன்பு’ (2019) படத்தில் மூளை முடக்குவாதம் உள்ள மகளையும் கணவனையும் விட்டுவிட்டுத் தாய் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அப்பா அடையும் ஞானமே படம். இவை மோசமான படங்கள் என்று சொல்லவரவில்லை. வளர்ந்துவரும் ஒரு பெண்ணின் உடலுக்கும் ஆசைகள் உண்டு என்பதைப் பேசத் துணிந்ததற்காக ‘பேரன்’பை என் மாணவிகளுக்குத் திரையிட்டும் காட்டியிருக்கிறேன். ஆனால் மூன்று படங்களிலும் கதை தொடங்கவேண்டுமென்றால் தாய் வெளியேற வேண்டியிருக்கிறது. ஒரு ஆண் பிள்ளைக்கு ஊட்டிவிட்டால், கழுவிவிட்டால், அது இரண்டரை மணி நேரப் படத்துக்குப் போதுமான செய்தி. அதையே இருபத்தாறு வருடமாக ஒரு பெண் செய்துகொண்டிருந்தால் அதில் படம் எடுக்க என்ன இருக்கிறது?

திரையில் காணாமல்போகும் அந்தத் தாய்மார்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், கருத்துக்கேட்புக் கூட்டங்களில் இருக்கிறார்கள் என்று சொல்வேன். மாவட்டத் தலைநகரங்களில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட ஏதாவது ஒரு அரங்கத்தில், ஒரு கையில் மருத்துவச் சான்றுகள் அடங்கிய மஞ்சப்பையும் மறு கையில் வளர்ந்த பிள்ளையின் மணிக்கட்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். நலத்திட்டங்களில் எதற்கு முதலிடம் தரவேண்டும் என்று அரசோ, அரசுக்கு அறிக்கை எழுதித்தரும் நிறுவனங்களோ மக்களிடம் கேட்கும் கூட்டம் அது. ‘பயனாளிகளின் பங்கேற்பு’ என்று பதாகையில் எழுதியிருக்கும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது. நான் இலக்கியம் படித்தவள், எனக்குத் தெரிந்த வேலை பிரதியை வாசிப்பதுதான். கருத்துக்கேட்புப் படிவமும் ஒரு பிரதி. அதிலும் பேசுபவர் ஒருவர் இருக்கிறார், கேட்பவர் இருக்கிறார், கூற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் இருக்கிறார்.

அப்படி ஒரு படிவத்தைத் தமிழாக்கித் தரும்படி சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் தயாரான படிவம். பதிலளிப்பவர் யார் என்பதற்கு நான்கு கட்டங்கள்: தாய், தந்தை, பாதுகாவலர், மற்றவர். குறைபாடுள்ளவருக்கென்று ஐந்தாவது கட்டம் இல்லை. அவர் பதில் சொல்ல நேர்ந்தால் ‘மற்றவர்’ கட்டத்தில் குறியிட வேண்டும். தன் வாழ்க்கையைப் பற்றிய படிவத்திலேயே ஒருவர் ‘மற்றவர்’ ஆகிவிடுவதைப் பெண்ணியம் படித்த மாணவிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணம் மூன்று இடங்களை வகுக்கிறது. அந்தப் படிவத்தில் நிறுவனம் தன்மையில் பேசியது, தாய் முன்னிலையில் இருந்தார், மகள் முழுக்கப் படர்க்கை. ‘அவருக்கு உணவு உண்ண உதவி தேவையா?’ ‘அவர் தன் தேவையைத் தெரிவிப்பாரா?’ அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது கேள்வி, ‘பெற்றோரின் திருமணம் இரத்த உறவுத் திருமணமா?’ சாலை வேண்டுமா, விடுதி வேண்டுமா என்று கேட்க வந்த தாளில் இதற்கு என்ன வேலை என்று கேட்டேன். மருத்துவத் தகவலுக்காக என்றார்கள். அங்கே வந்திருந்த பெண்கள் பலருக்கு அது புதிய கேள்வி கிடையாது. மாமியார் கேட்டது, நாத்தனார் கேட்டது, பிள்ளைக்கு மொட்டையடிக்கப் போன கோயில் வாசலில் யாரோ கேட்டது. தாய்மாமனைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று அவளிடம் அன்றைக்கு யாரும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவில்லை. இன்றைக்கு அதற்கான விளக்கத்தை மட்டும் அவள் எழுதித்தர வேண்டும். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால்தான் மொழிபெயர்ப்பைத் தருவேன் என்றேன், எடுத்தார்கள்.

எடுக்க முடியாமல்போனது வரிசைப்படுத்தச் சொன்ன கேள்வி. எட்டுத் தேவைகள் அச்சிடப்பட்டிருந்தன. பயிற்சி மையம், பகல்நேரப் பராமரிப்பு, தங்கும் விடுதி, உதவித்தொகை உயர்வு, தொழிற்பயிற்சி, போக்குவரத்து, ஆரம்பநிலைக் கண்டறிதல், விழிப்புணர்வு. முக்கியத்துவத்தின்படி 1 முதல் 8 வரை எண்ணிட வேண்டும். கூட்டத்தில் நானும் உதவிக்கு இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண் எட்டுக் கட்டங்களிலும் ஒன்று என்று எழுதியிருந்தார். தென்காசிப் பக்கம், பீடி சுற்றுகிறவர். வரிசையாக எண் போடவேண்டும் என்று நான் சொல்லத் தொடங்குமுன்பே, “எல்லாத்துக்கும் ஒண்ணுதான் போட்டிருக்கேன் டீச்சர். இதுல எதைப் பின்னாடி தள்ளச் சொல்லுதீய?” என்றார். அவருக்குக் கேள்வி புரியாமல் இல்லை. புரிந்துகொண்டு மறுத்தார். அன்று அப்படி ஒன்று ஒன்றாக நிரப்பிய படிவங்கள் இன்னும் பல இருந்தன. கணினியில் ஏற்றும்போது அவை எல்லாம் ‘முழுமையற்றவை’ என்று ஒதுக்கப்பட்டன. மீதமுள்ளவற்றை வைத்து உதவித்தொகை உயர்வு முதலிடம், விழிப்புணர்வு கடைசியிடம் என்று ஒரு வரைபடம் வந்தது.

‘முன்னுரிமை’ என்ற சொல்லைப் பாருங்கள். உள்ளே உரிமை இருக்கிறது. ஆனால் அந்தப் படிவம் உரிமையை ஏலத்துக்கு விடுகிறது. பேருந்தில் ஏறுவது எட்டில் எத்தனையாவது? பள்ளிக்கூடத்துக்குப் போவது எத்தனையாவது? எனக்கும் உங்களுக்கும் யாரும் இப்படி எண் போடச் சொல்லித் தாள் தருவதில்லை. பணம் குறைவாக இருக்கிறது, எங்காவது தொடங்கித்தானே ஆகவேண்டும் என்று நிர்வாகம் சொல்லும். நியாயம்தான். அப்படியானால் எவ்வளவு பணம் இருக்கிறது, எதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மாதாந்திரப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயானது. மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் திட்டத்துக்கு 2022-இல் உலக வங்கி 162 மில்லியன் டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. ‘விழுதுகள்’ சேவை மையங்கள், வீடுவீடாகக் கணக்கெடுப்பு என்று வேலைகள் நடக்கின்றன. நல்ல வேலைகள். ஆனால் இரண்டாயிரத்தைத் தெரிந்த தாய்க்கு அந்த 162 மில்லியன் தெரியாது. கையிலிருக்கும் சில்லறையை வைத்துத்தான் அவர் கனவைப் பங்கிட வேண்டியிருக்கிறது.

கேட்கவேண்டும் என்பதே நமக்குப் புதிய பழக்கம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. இந்தியா 2007-இல் ஏற்றது. அவர்களைப் பற்றிய சட்டங்களையும் கொள்கைகளையும் வகுக்கும்போது, குழந்தைகள் உட்பட அவர்களையே அவர்களுடைய அமைப்புகளின் வழியாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. சட்டம் ஆனதும் அந்த ஆலோசனை எப்படி நடந்தது? 2020 ஜூலைத் தொடக்கத்தில், ஊரடங்குக் காலத்தில், 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் சில தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்த ஒன்றிய அரசு கருத்துக் கேட்டது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பவரைத் தண்டிக்கும் பிரிவும் அதில் ஒன்று. கருத்துச் சொல்லத் தந்த அவகாசம் ஜூலை 10 வரை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து முன்மொழிவு கைவிடப்பட்டது. 2022 ஜூனில் புதிய தேசியக் கொள்கையின் வரைவு வந்தபோது ஒரு மாத அவகாசம். பத்து நாளுக்கு ஒரு மாதம் மேல். ஆனால் ஒரு வாக்கியத்தைப் படம் வரைந்து, உடைத்து, திரும்பத் திரும்பச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய ஒருவருக்கு, நூறு பத்திகள் கொண்ட ஒரு கொள்கையை ஒரு மாதத்தில் யார் கொண்டுசேர்ப்பது? கண் தெரியாதவருக்குப் பிரெய்ல், காது கேளாதவருக்குச் சைகைமொழி என்பதை நிர்வாகம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டிருக்கிறது. எளிய நடை என்பதும் அதே போன்ற ஓர் ஏற்பாடு, ஒரு சாய்தளம் மாதிரி, என்பது இன்னும் அதன் காதில் ஏறவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்குள்ளேயே படிநிலை இருக்கிறது. சொல்லக் கசப்பானதுதான். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்காக மட்டும் எழுதப்பட்டது. அதன்படி மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு. பதினெட்டு வயது கடந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது அந்தக் குழுதான். மூன்று பேர்: மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி. மூன்றாமவர் யாராக இருக்கலாம் என்று சட்டத்தைப் புரட்டினால், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்கு உட்பட்ட ஒருவர் என்றிருந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள். அதில் ஆட்டிசம் கிடையாது. ஆக, தனக்குப் பாதுகாவலரைத் தீர்மானிக்கும் குழுவில் ஆட்டிசம் உள்ள ஒருவர், அந்தத் தகுதியில் உட்கார முடியாதபடி சட்டமே எழுதப்பட்டிருந்தது. யாரும் சதிசெய்து எழுதியிருக்க மாட்டார்கள். அப்படி ஒருவர் அங்கே உட்காரக்கூடும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது, அவ்வளவுதான். 2016 சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்ற பிறகே ஆட்டிசம் பொதுவான வரையறைக்குள் வந்தது.

‘வளர்ச்சிசார் குறைபாடு’ என்ற வகைப்பாட்டை 1970-இல் சட்டத்தில் எழுதிய அமெரிக்காவில் இந்தக் கேள்வியை வேறு மாதிரி அணுகியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆலோசனைக் குழு. அது மக்களிடம் கருத்துக் கேட்டு ஐந்தாண்டுத் திட்டம் வகுக்கவேண்டும். குழுவில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் குறைபாடுள்ளவர்களும் குடும்பத்தினரும் இருக்கவேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த விதி. அந்த 60 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைபாடுள்ளவர்களுக்கே, மூன்றில் ஒரு பங்கு பெற்றோர், பாதுகாவலர், நெருங்கிய உறவினருக்கு, மீதி இரு தரப்பும் கலந்து. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நாற்காலி கிடைப்பதும் குரல் கேட்பதும் ஒன்றாகிவிடாது. ஆனால் தாயும் மகளும் இரண்டு பேர், ஒருவர் வந்தால் மற்றவர் வந்ததாகக் கணக்கில்லை என்பதைச் சட்டம் எண்ணிக்கையாகவே எழுதிவைத்திருக்கிறது. 1974-இல் ஓரிகன் மாநிலத்தில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே கூடி, ‘முதலில் நாங்கள் மனிதர்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

நம்மிடம் தாய்மார்களின் இயக்கம் இருக்கிறது. அது சாதாரணமானது இல்லை. இன்று இந்தியாவில் இருக்கும் சிறப்புப் பள்ளிகளில், பயிற்சி மையங்களில் பல, மகனுக்கோ மகளுக்கோ இடம் கிடைக்காத தாய்மார்கள் தொடங்கியவை. சென்னையில் 1985-இல் வித்யாசாகரைத் தொடங்கி, பிறகு தேசிய அறக்கட்டளைக்குத் தலைமையேற்ற பூனம் நடராஜனும் அப்படி வந்தவர்தான். தாய்மார்கள் கேட்காமல் இருந்திருந்தால் இங்கே எதுவும் நடந்திருக்காது. இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.

அந்தக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்ட பெண்ணின் பக்கத்தில் அவர் மகள் இருந்தாள். இருபத்தாறு வயது. பேச்சு வரும், மெதுவாக வரும். தாயிடம் அனுமதி கேட்டு, உனக்கு என்னம்மா வேணும் என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள். இரண்டாவது முறை கேட்கவில்லை, காத்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு பெண் தன் படிவத்துக்கு உதவி கேட்டு, அதை முடித்துத் திரும்பியபோது “சாவி” என்றாள்.

என்ன சாவி என்று எனக்கு விளங்கவில்லை. தாய்க்கு உடனே விளங்கிவிட்டது. முகம் மாறியது. சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்து, இலையும் தூளும் வாங்கிவர அவர் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே போகவேண்டும். மகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார். பத்து வருடமாக அப்படித்தான். “பூட்டாமப் போனா வேற என்னத்தச் செய்ய டீச்சர்? எங்க தெரு ஒங்களுக்குத் தெரியாது” என்றார். தெருவில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நடந்திருக்கிறது என்பது அவர் சொன்ன விதத்தில் இருந்தது.

படிவத்தின் எட்டுத் தேவைகளில் சாவி இல்லை. ‘பிற’ என்ற கட்டம்கூட இல்லை. தாயின் முன்னுரிமை மகளின் பாதுகாப்பு. மகளின் முன்னுரிமை அந்தப் பூட்டைத் திறப்பது. இரண்டையும் ‘குடும்பத்தின் கருத்து’ என்ற ஒரே கட்டத்தில் எழுத முடியாது. பெண்ணியம் பேசுகிற நாம் இந்த இடத்தில் சட்டென்று மகளின் பக்கம் போய் நின்றுகொள்வது சுலபம், அது தாய்க்குச் செய்யும் அநியாயம். பூட்டை அங்கே தொங்கவிட்டது தெருவில் நடமாடும் ஆண்கள். அவளுக்குப் பதிலாகத் தெருவைப் பூட்ட எந்தத் திட்டமும் இல்லாததால் தாய் வீட்டைப் பூட்டுகிறார். ஆனால் தாயின் வலி உண்மை என்பதால் மகளின் பதில் பொய்யாகிவிடாது. கருத்துக்கேட்பு என்பது இந்த இரண்டு பதில்களும் ஒரே அறிக்கையில், ஒன்றை ஒன்று அழிக்காமல் இடம்பெறுவதாக இருக்கவேண்டும். அப்படி எழுதப்பட்டிருந்தால், பீடிக் கடைக்குப் போகும் இரண்டு மணி நேரத்துக்கு அந்தத் தெருவில் யார் அவளோடு இருப்பது என்ற கேள்வி எழுந்திருக்கும். எட்டில் எதுவும் அதற்கு விடையாக இருந்திருக்காது.

வேறொருவர் நல்லெண்ணத்தோடு பதில் சொல்லும்போது பெண்ணுடலுக்கு என்ன நடக்கும் என்பது நம் நாட்டில் தெரியாத கதை இல்லை. 1994 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்கள் பலருக்குப் புணேயில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாயைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியவில்லை, கர்ப்பமாகிவிடும் அபாயம் வேறு என்பது காரணம். பெண்கள் அமைப்புகள் போராடிய பிறகே மீதிப் பெண்களுக்கு நடக்கவிருந்த அறுவைசிகிச்சை நின்றது. கருப்பையை எடுத்தால் கர்ப்பம் நிற்கும்; வல்லுறவு எப்படி நிற்கும் என்று அன்று அவர்கள் கேட்டது இன்றும் பதிலில்லாத கேள்வி. தண்ணீரும் துணியும் ஓர் உதவியாளரும் போதாததற்கு உறுப்பையே எடுத்தார்கள். என் தோழி ஒருத்தி இதை ‘வேலைக்காரி வைக்கக் காசில்லாமல் வீட்டை இடிப்பது’ என்பாள்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2009-இல், சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த ஒரு பெண் அங்கேயே வல்லுறவுக்கு ஆளாகிக் கர்ப்பமானார். அறிவுசார் குறைபாடு உள்ளவர், பெற்றோர் இல்லை. கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. சுசிதா ஸ்ரீவத்சவா வழக்கு என்று சட்ட மாணவிகளுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணின் இனப்பெருக்கத் தேர்வு அவளுடைய தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று சொன்னதற்காக அந்தத் தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அதில் கவனிப்பது வேறொன்று. குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறார் என்று அவரைப் பரிசோதித்த வல்லுநர் குழு பதிவுசெய்திருந்தது. யாரோ ஒருவர் அவரிடம் கேட்டிருக்கிறார், அவர் சொல்லியிருக்கிறார், அது எழுதப்பட்டிருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் முன்னும் அந்தப் பதில் இருந்தது. கேட்டும், எழுதியும், கணக்கில் எடுக்காமல் விடலாம் என்பதற்கும் அந்த வழக்கே சாட்சி.

இதற்குப் பிறகு எழுதப்பட்ட 2016 சட்டத்தைத் திறந்தால், நான்காம் பிரிவின் தலைப்பு ‘பெண்களும் குழந்தைகளும்’. பெண்ணைக் குழந்தையோடு சேர்த்துக் கட்டும் பழைய கயிறு. தொண்ணூற்றிரண்டாம் பிரிவில், மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு செய்பவருக்குத் தண்டனை உண்டு. அடுத்த மூச்சில் ஒரு விலக்கு: குறைபாடு கடுமையாக இருந்தால், மருத்துவரின் கருத்தும் பாதுகாவலரின் சம்மதமும் போதும். எந்தப் பெண்ணிடம் கேட்பது கடினமோ, அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள். கடுமை எங்கே தொடங்குகிறது என்று யார் அளப்பது?

‘அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது, அவர்கள் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது, நடைமுறையில் சாத்தியமா’ என்று அதிகாரிகள் கேட்பார்கள். சில பேராசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். இதற்குப் பதில் நம் குற்றவியல் சட்டத்திலேயே இருக்கிறது. தில்லிச் சம்பவத்துக்குப் பிறகு வந்த 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ உடல், மனக் குறைபாடு உடையவராக இருந்தால், அவர் இருக்கும் இடத்துக்கே காவல்துறை போகவேண்டும்; மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ உடனிருக்க வேண்டும்; நீதித்துறை நடுவர் முன் தரும் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிவுசெய்ய வேண்டும். நம் அரசுக்குக் கேட்கத் தெரியும். எப்படிக் கேட்பது, எங்கே போய்க் கேட்பது, யாரை உடன் வைத்துக்கொள்வது, எப்படிப் பதிவது என்பதெல்லாம் எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் வல்லுறவு நடந்து முடிந்த பிறகுதான் அவள் சொல்வதற்கு அந்த மதிப்பு. அதற்கு முந்தைய நாள் வரை, அவள் பகலில் எங்கே இருக்க விரும்புகிறாள், யாரோடு போக விரும்புகிறாள், எந்தப் பயிற்சி ஆசிரியரைக் கண்டால் ஒளிந்துகொள்கிறாள் என்று கேட்க அந்தச் சிறப்புக் கல்வியாளரை யாரும் அனுப்புவதில்லை. திட்டத்துக்கான முன்னுரிமை கேட்கும் நாளில் அனுப்பலாமே. செலவு ஒன்றுதான்.

எப்படிக் கேட்கவேண்டும் என்பதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்யும் எந்தச் சிறப்பு ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வார். சொல்லால் கேட்க முடியாவிட்டால் படத்தால், பொருளால் கேட்கலாம். ஒரே நாளில் கேட்காமல் மூன்று வாரம் விட்டுவிட்டுக் கேட்கலாம், பதில் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். அம்மா இருக்கும்போது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை. ஆம் இல்லை என்று கேட்டால் பலரும் ஆம் என்றே சொல்வார்கள். எதிர்த்துப் பேசினால் அடி விழும் என்று பழகியவர்களின் ஆம் அது. நம்மில் எத்தனை பேர் புகுந்த வீட்டில் அந்த ‘ஆம்’ சொல்லியிருக்கிறோம்! வார்த்தையே இல்லாதவர் எந்த அறைக்குள் போகும்போது சிரிக்கிறார், எந்த அறை வாசலில் காலை ஊன்றிக்கொள்கிறார் என்பதும் பதில்தான். இதை எல்லாம் எழுதிவைக்கக் கட்டங்கள் போதாது, ஒரு பக்கம் வெற்றுத்தாள் வேண்டும்.

அதோடு, யார் வரவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, ஆண்கள் 1.50 கோடி, பெண்கள் 1.18 கோடி. இந்த இடைவெளியில் விபத்தும் வேலைத்தளக் காயமும் ஒரு பங்கு என்று விளக்கம் சொல்லலாம். முழு இடைவெளிக்கும் அது போதாது என்று நினைக்கிறேன். கணக்கெடுப்பாளரிடம் ‘வீட்டில் பெண் ஒன்று இருக்கிறது’ என்று சொல்லாத வீடுகள் எனக்கே தெரியும், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டியிருக்கிறது. ஆட்டிசத்துக்கு அந்தக் கணக்கெடுப்பில் தனி இடமே இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் வைத்து எழுதும் அறிக்கை, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வீடிருப்பவர்களின் அறிக்கை, ஒருநாள் கூலியை விடமுடிந்தவர்களின் அறிக்கை. ஊர்த்தெருவிலிருந்து எத்தனை பேர், காலனியிலிருந்து எத்தனை பேர் என்று எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

பெயர்கள் மாறியிருக்கின்றன. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28-ஆம் பாடல், பயனில்லாத பிறப்புகள் என எட்டு வகையைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு எச்சம் என்று பெயரிடுகிறது. அதில் மயக்கமுற்ற அறிவினரும் உண்டு. அந்த எட்டுக்கும் பிறகு நாம் ஊனம் என்றோம், குன்றியவர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளி என்கிறோம். கண்ணியமான சொல், அதைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி. இலக்கணத்தில் எச்சம் என்பது முடியாமல் நிற்பது, தன்னை முடிக்க இன்னொரு சொல்லுக்காகக் காத்திருப்பது. பெயர் எவ்வளவு மாறினாலும் அந்த முடிக்கும் சொல்லை வேறொருவர் எழுதும் வழக்கம் மாறவில்லை.

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒருவர். ஆயிரக்கணக்கானோர் கிராமத்தின் தீர்மான மேசைக்கு வருவார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. நாட்டிலேயே முன்மாதிரி என்று கொண்டாடியதில் எனக்கும் உடன்பாடு. இனி கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அந்த ஆயிரங்களில் பெண்கள் எத்தனை பேர்? அறிவுசார் குறைபாடு உள்ளவர் ஒருவராவது உண்டா? 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தவரின் பெயரே வாக்காளர் பட்டியலில் இருக்க முடியாது. அப்படி நீதிமன்றம் எதுவும் அறிவிக்காதபோதும், ‘இவளுக்கு எதற்கு ஓட்டு’ என்று பெயர் சேர்க்காத வீடுகள் ஏராளம்.

தென்காசிப் பெண்ணிடம் இந்தச் சட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். மகளின் பெயரைக் கொடுக்கலாமே என்றேன். சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவ போனா நானும் கூடப் போயி ஒக்காரணும்லா. அவளுக்கு அங்க நாற்காலி போடுவாவ, சரி. அன்னைக்கு எனக்குப் பீடி போச்சே, அதுக்கு யாரு கூலி தருவா? அதையும் எழுதச் சொல்லுங்க டீச்சர்.”